காலிப் பை

அங்கே காலிப் பைக்குத்தான் காசு. தோட்டத்து வாசலில் மேசை போட்டு நின்ற பெண், மடித்து வைத்திருந்த பை ஒன்றை மகனிடம் நீட்டினாள். அவன் கார்டைத் தேய்த்தான். அரை புஷல் பை. ஆப்பிளில் ஒரு புஷல் என்றால் ஏறக்குறைய 19 கிலோ, இது அதில் பாதி. உள்ளே போய் நாமே பறித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பாமல் திரும்பி வந்தால் அது நம் பாடு. சிவகாசிப் பக்கம் பிறந்த எனக்குக் காலிப் பெட்டிகளோடு நல்ல பழக்கம் உண்டு. நிரப்பிக் கொடுத்தால் கூலி தந்த பெட்டிகள் அவை. நிரப்புவதற்கு நாமே காசு கட்டுகிற பையை அறுபத்து மூன்று வயதில்தான் பார்த்தேன்.

ஹட்சன் பள்ளத்தாக்கு, அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சிக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள் போலிருந்தது. தெலுங்கு கேட்டது, குஜராத்தி கேட்டது, ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து அச்சு அசலான நாகர்கோவில் தமிழ் கேட்டது. வைக்கோல் கட்டுகள் போட்ட டிராக்டர் வண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். பூசணி வயல், சோளத்தட்டைக்கு நடுவே வழி தவறுவதற்கென்றே வெட்டி வைத்த பாதை, ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்து சுட்ட டோனட். மரங்களோ நம் ஊர்க் கொய்யா மரத்தைவிடக் குட்டை. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த குட்டைரக வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி வளர்க்கிற மரங்கள் என்றான் மகன். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் பழம் தொங்குவதற்குப் பின்னால் நூறு வருஷத்து ஆராய்ச்சி இருக்கிறது.

பேத்திதான் எனக்கு வாத்தியார். இழுக்கக் கூடாது பாட்டி என்றாள். உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருகினால் காம்போடு வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் காம்புக்கு அடியில் இருக்கிற சின்னக் கிளையும் சேர்ந்து முறியும், அடுத்த வருஷத்து மொட்டு அதில்தான் இருக்கிறது. சொல்லிக்கொடுத்துவிட்டு அவள் ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு கடி கடித்தாள், அதோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள், அடுத்த மரத்துக்கு ஓடினாள். நான் நின்ற மரத்திலேயே நின்றேன். ஏந்து, தூக்கு, திருகு, பையில் வை. நாலைந்து பழத்துக்குள் கைக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. இடது கை ஒன்று, வலது கை ஒன்று. கை இந்தப் பழத்தில் இருக்கும்போதே கண் அடுத்த பழத்துக்குப் போய்விடும். நிமிர்ந்து பார்த்தபோது பை நிறைந்து, வாயை மூட முடியாமல் கிடந்தது.

மகன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்னம்மா நீ! ஒரு மத்தியானத்துக்குக் காசு கட்டியிருக்கோம், கால் மணி நேரத்துல முடிச்சுட்டியே!"

மருமகள் சிரித்தாள். பேத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பறிக்கப் பையில் இடமில்லை. வாசலுக்குப் போய் இன்னொரு பை வாங்கி வந்தோம். சிரிக்கிற விஷயம்தான், நானும் சிரித்தேன். ஆனால் பிற்பாடு டோனட் தின்றுகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவற்றுக்கு இந்த வேகத்தைக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஏழு வயதில் தீப்பெட்டியாபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் ஆலை, தொழிற்சாலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, அவை செய்தித்தாள் வார்த்தைகள். தீப்பெட்டியாபீஸ், பயராபீஸ், அவ்வளவுதான். கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு 1920களின் தொடக்கத்தில் சிவகாசிக்குத் திரும்பி வந்த அய்ய நாடார், சண்முக நாடார் கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதையின் வால்பகுதியில் நாங்கள் இருந்தோம். விடிவதற்கு முன்னால் பஸ் வரும். தூக்கத்தில் நடந்து, தூக்கத்தில் ஏறி, அக்காவின் மடியில் மிச்சத் தூக்கத்தை முடித்துக்கொள்வேன். எனக்குக் கட்டை அடுக்குகிற வேலை. மரச்சட்டத்தில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி வைக்க வேண்டும். அடுக்கி இறுக்கிய பிறகுதான் குச்சியின் தலைகளை மருந்தில் முக்குவார்கள். ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சின்ன விரலுக்குத்தான் அந்த வேலை ஓடும் என்று மேஸ்திரி சொல்லுவார். அவர் சொன்னது உண்மை, எனக்கு ஓடியது. கண் ஒரு குச்சி முன்னால் இருக்கும், கை ஒரு குச்சி பின்னால் இருக்கும். ஹட்சன் பள்ளத்தாக்கில் என் கைக்கு வந்தது அந்தத் தாளம்தான்.

சட்டம் 1986இல் வந்தது. தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு வேலைகளில் குழந்தைகளை வைக்கக் கூடாதென்றது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அதை அந்தப் பிள்ளையின் நலனுக்கான நிதியில் போட வேண்டும் என்ற தீர்ப்பு. அதற்குள் என் பிள்ளையே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். என்னை ஆபீஸிலிருந்து மீட்டதில் சட்டத்துக்குப் பங்கில்லை. விருதுநகர்க்காரர் ஒருவர் முதல்வராக இருந்தபோது தொடங்கிவைத்த மதியச் சோறு இருக்கிறதே, அதற்காக அம்மா என்னைப் பதினோரு வயதில் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினாள். கூலியையும் ஒரு வேளைச் சோற்றையும் தராசில் வைத்துப் பார்த்து, சோறு கொஞ்சம் கனம் என்று முடிவெடுத்திருக்கிறாள். அக்காவுக்கு அந்தத் தராசு சாயவில்லை. அவள் கை கூலிக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அமெரிக்காவிலிருந்து வரும் படங்களில் அக்டோபர் என்றால் சிவப்பு மரங்களும் ஆப்பிள் கூடையும்தான். இலையுதிர் காலம் என்கிற வார்த்தையைப் பள்ளிப் புத்தகத்தில் படித்து, பரிட்சையில் எழுதி, இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கரிசலில் அப்படியொரு காலத்தை அக்டோபரில் பார்த்ததில்லை. எங்கள் வேம்பும் பூவரசும் இலை கொட்டுவது மாசி பங்குனியில், வெயில் ஏறுகிறபோது. ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழ் கூதிர் என்றது, மழையும் ஊதக்காற்றுமான பருவம். எங்களுக்கு அது விதைப்புக் காலம். அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்கும். மானாவாரிப் புஞ்சையில் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் அந்த மழையை நம்பித்தான். பறிப்பும் அறுப்பும் தைக்கு மேல். பருத்தி எடுப்பதும் மிளகாய் பறிப்பதும் கூலி வேலை, குடும்பத்தோடு போனாலும் அது உல்லாசமில்லை. மழைக்கு முந்தின அந்த மாதங்களில் கூலிக்கு இல்லாமல் பிள்ளைகுட்டியோடு போகிற இடம் ஒன்றே ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது. அங்கே யாரும் எதையும் பறிப்பதில்லை.

பனங்காடு.

ஆவணியில் தொடங்கி ஐப்பசிக்குள் பனம்பழம் விழுந்து முடிந்துவிடும். நுங்கை வெட்டி இறக்கலாம், பதனீரைக் கலயம் கட்டி இறக்கலாம், அதற்கெல்லாம் மரமேறி வேண்டும், ஏறுகிறவருக்குக் கூலி வேண்டும். பழத்துக்கு ஒன்றும் வேண்டாம். தானாகப் பழுத்து, தானாகக் காம்பு விட்டு, பெரும்பாலும் ராத்திரியில் விழும். தொப்பென்று அந்தச் சத்தம் ஊருக்குள் கேட்கும். அம்மாச்சி பாயில் படுத்தபடியே, "கிழக்க ஒண்ணு, ஓடையோரம் ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. இருட்டு பிரியும் முன்னால் சாக்கை எடுத்துக்கொண்டு அம்மாச்சி முன்னால் நடக்க, அம்மா, அக்கா, நான், தம்பி பின்னால் போவோம். மரம் குத்தகைக்காரருக்கு, விழுந்த பழம் முதலில் பார்த்தவருக்கு. அது எங்கள் ஊர் நியாயம்.

பனம்பழத்தில் அவசரம் செல்லாது. கறுத்து உருண்டு கிடப்பதைக் கண்ணால் தேட வேண்டும், முள்ளுக்குள் உருண்டிருந்தால் குச்சியால் தள்ளி எடுக்க வேண்டும். ஆனால் மரத்திடம் போய், இன்னும் இரண்டு போடு என்று கேட்க முடியாது. விழுந்ததுதான் பழம். பத்துப் பேர் போனாலும் அத்தனைதான், ஒருவர் போனாலும் அத்தனைதான். அதனால் அன்றைக்கு என் விரல்களுக்கு வேலை கிடையாது. மரத்தடியில் உட்கார்ந்து இன்னொன்று விழுமா என்று மேலே பார்த்துக்கொண்டிருப்போம். தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று தம்பி வாரம் தவறாமல் கேட்பான். "பனை அறிஞ்சுதான் போடும்" என்பாள் அம்மாச்சி. வீட்டுக்கு வந்து தணலில் சுட்டு, தோலை உரித்து, நாரோடு சேர்த்துச் சப்புவோம். மஞ்சள் சாறு முழங்கை வரை வழியும். பல்லிடுக்கில் சிக்கிய நார் செவ்வாய்க்கிழமை வரை இருக்கும். கட்டை அடுக்கிக்கொண்டே நாக்கால் அதைத் துழாவிக்கொண்டிருப்பேன். சப்பிப் போட்ட கொட்டையை அம்மாச்சி பாத்தி கட்டிப் புதைத்து வைப்பாள். தைப்பொங்கலுக்குக் கிழங்கு வரும்.

இப்போது அந்த ஓடையோரத்தில் பத்துப் பனை தேறாது. செங்கல் சூளைக்கு வெட்டினார்கள், வீட்டுமனைக்கு வெட்டினார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வாழ்க. எங்கள் ஓடைக்கு அது கொஞ்சம் பிந்திவிட்டது.

பழத்தோட்டமே இந்த மாவட்டத்தில் கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கே மலையடிவாரத்துக்குப் போனால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மாந்தோப்பாகவே இருக்கும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் அந்த மண்ணின் பேர் சொல்லும் ரகங்கள். ஒரு சித்திரை மாதம் தோழி ஒருத்தியின் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோப்புக்கு எங்களைக் கூட்டிப்போனார். வயிறு முட்டத் தின்னலாம், மரத்தில் கை வைக்கக் கூடாது. வலை கட்டிய தொரட்டியோடு ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். காம்புப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், பழத்தில் வழிந்தால் கறை விழுந்து விலை போகாது. கத்துக்குட்டியின் கை அங்கே நஷ்டம். பறிப்பது தொழில், தின்பது விருந்து, இரண்டும் ஒரே ஆளுக்கு வாய்ப்பதில்லை.

ஆப்பிள் என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரி. யாராவது கையில் ஆப்பிளோடு பஸ்ஸில் ஏறினால் மதுரை பெரியாஸ்பத்திரியில் யார் கிடக்கிறார்கள் என்று கேட்பார்கள். நோயாளி தின்றது போக மிஞ்சிய ஒன்றை எட்டாக நறுக்கி, எட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு வைப்பார்கள். சிம்லா ஆப்பிள் என்று கடைக்காரர் கூவுவார். சிம்லாவுக்கு அந்தப் பேர் வந்ததற்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பிருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1904இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்க இளைஞர் சிம்லா மலையில் கோட்கரில் தங்கிவிட்டார். 1916 வாக்கில் தன் நாட்டிலிருந்து ரெட் டெலிஷியஸ் ரகக் கன்றுகளைத் தருவித்து நட்டார். பிறகு காங்கிரஸில் சேர்ந்து சிறைக்குப் போனார், இந்துவாகி சத்யானந்த் ஆனார். இமாசலத்தின் ஆப்பிள் வியாபாரம் அங்கே வேர் பிடித்ததுதான். அந்தத் தோட்டங்களில் சீசனுக்கு ஏறி இறங்கிப் பறித்துச் சுமப்பவர்களில் நிறையப் பேர் நேபாளிகள்.

ஹட்சன் பள்ளத்தாக்கிலும் அப்படி ஒரு மறுபக்கம் உண்டு. வைக்கோல் வண்டியில் திரும்பி வரும்போது ஒரு வேலிக்கு அப்பால் வேறு வரிசை மரங்களைப் பார்த்தேன். கழுத்தில் மாட்டிய கூடையோடு நாலைந்து ஆண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜமைக்காவிலிருந்து வருகிறவர்கள் என்றான் மகன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உள்ளூரில் ஆள் கிடைக்காமல் போனபோது தொடங்கிய வரத்து அது. இன்றும் தற்காலிக விவசாய விசாவில் ஒவ்வொரு பருவத்துக்கும் வந்து பறித்துவிட்டுப் போகிறார்கள். கடைகளுக்குப் போகிற பழம் அவர்கள் கை பட்டது. எங்களைப் போல வந்து பறிக்கிறவர்களால் தோட்டக்காரருக்கு வேறு லாபம். பறிகூலி இல்லை, பெட்டியில் அடுக்குகிற செலவில்லை, குளிர்கிடங்கு வாடகை இல்லை, நடுவில் வியாபாரி இல்லை. மொத்த விலையில் கட்டுப்படியாகாத சிறு தோட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துத்தான் பிழைக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பழம் நன்றாக இருந்தது. ஹனிகிரிஸ்ப் என்கிற ரகத்தைக் கடித்தால் காதுக்குள் சத்தம் கேட்கிறது.

அந்த வண்டி வேலியைத் தாண்டுகிற அரை நிமிஷம் வேலிக்கு அப்பால் இருந்த கைகளைத்தான் பார்த்தேன். அவர்கள் ஏந்தி, தூக்கி, திருகுவதையே தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. மூன்றும் ஒரே அசைவாக இருந்தது. மகன் வாசலில் காசு கட்டி வாங்கியது ஆப்பிளை இல்லை என்று அப்போது தோன்றியது. ஆப்பிள் அவன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே அதைவிட மலிவு. தன் பிள்ளை ஒரு பழத்தை ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும் என்று அந்த ஐந்து நிமிஷத்தை வாங்கியிருக்கிறான். அதைப் போய் நான் கெடுத்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்தது அடுத்த வருஷம் ஆடி மாதம். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, புது ரகங்களை வைத்து, சிவகாசியில் பட்டாசு வியாபாரம் தொடங்கும். அன்றிலிருந்து சாத்தூர் ரோடு, விருதுநகர் ரோடு எங்கும் கடைகள் முளைக்கும். ஆவணி, புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் நம்பர் போட்ட கார்களும் வேன்களும் வரும். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூர். ரயிலிலும் பஸ்ஸிலும் பட்டாசு கொண்டுபோகக் கூடாது, அதனால் சொந்த வண்டி. இணையதள வியாபாரிகள் பட்டாசு விற்கக் கூடாதென்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நேரில் வந்து வாங்குவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. காலையில் இருக்கன்குடி மாரியம்மன், அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். வழியில் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு. மத்தியானம் விருதுநகரில் எண்ணெய் புரோட்டா. நடுவில் பட்டாசு. ஹட்சன் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அப்போதுதான் பட்டது, எங்கள் ஊரே இந்த மாதங்களில் வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளோடு வந்து பறிக்கிற தோட்டம்.

கடைக்குள் நுழைந்ததும் கையில் பிளாஸ்டிக் கூடை கொடுப்பார்கள். அது காலிக் கூடைதான், காசு பிற்பாடு. பிள்ளைகள் வரிசை வரிசையாக ஓடுவார்கள். கம்பி மத்தாப்பு, சாட்டை, பென்சில், சங்குச்சக்கரம், புஸ்வாணம், பாம்பு மாத்திரை, குருவி வெடி, லட்சுமி வெடி. ஓலை வெடி இன்னும் வருகிறது, பனையோலையை முக்கோணமாக மடித்துக் கட்டியது. அம்மாச்சியின் பனை கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆயிரம், பத்தாயிரம் என்று நீண்ட சரவெடி 2018 தீர்ப்போடு போனது. அதே தீர்ப்பு பேரியத்தையும் தடுத்தது. வானத்தில் பூக்கிற பச்சைக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். பழுத்ததைப் பறிக்கலாம், காயைத் தொடாதே என்று சொன்ன மாதிரி. சுவரில் 80 சதவீதம் தள்ளுபடி என்று பேனர் தொங்கும். அட்டையில் அச்சடித்த விலையை முதலில் ஐந்து மடங்கு ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குகிற கணக்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கால்குலேட்டரில் அந்தக் கழித்தலைப் பார்க்கிற அப்பாக்களின் முகம் மலரும்.

ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், இதெல்லாம் எங்கே செய்கிறார்கள், போய்ப் பார்க்கலாமா என்று. முடியாது. பயராபீஸ் வாசலோடு சரி. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் தோப்பு மாதிரிதான் இருக்கும். பொட்டல் காட்டுக்கு நடுவே வேம்பு வரிசை, வேம்புகளுக்கு இடையே எட்ட எட்டச் சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாது என்பதற்காகத் தள்ளித் தள்ளிக் கட்டியவை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. செருப்பு, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. மருந்தைக் காலைக் குளிர்ச்சியில் கலக்க வேண்டும், கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், உரசக் கூடாது, இடிக்கக் கூடாது. விதி எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறது, நிதானம். கூலியோ எண்ணிக்கைக்கு. அக்கா முப்பது வருஷம் பேன்சி ரகத்தில் வேலை பார்த்தாள். அலுமினியப் பொடி ஏறி அவள் கை வெள்ளி வார்த்த மாதிரி இருக்கும், தீபாவளிக்கு மறுநாளும் சோப்புக்குப் போகாது. "மெதுவா செஞ்சா வீட்டுக்கு வரலாம், வேகமா செஞ்சா வீட்டுக்குக் கொண்டாரலாம்" என்பாள். அவள் சிரிக்காமல் சொல்லுவாள், கேட்கிறவர்கள்தான் சிரிப்போம்.

தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் ஏறும். மழை வேறு மிரட்டும், வெயில் இருக்கும்போதே காயவைத்து எடுத்தாக வேண்டும். நாலு பேர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். மரத்தடியில் நிழலுக்கு இரண்டு பேர். அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் ஆவணிக்கு மேல் ஊருக்கே காது கூர்மையாகிவிடும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். முதல் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்கள் அதில் நிறையப் பேர். 2023 அக்டோபர் 17ஆம் தேதி ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள். விற்பனைக்கு வைத்திருந்த பட்டாசை வெளியே கொளுத்திப் பார்த்தபோது தெறித்த பொறிதான் காரணம் என்று செய்தி வந்தது. ஆப்பிளைக் கடித்துப் பார்த்துப் பைக்குள் போடுகிற மாதிரி, வெடித்துப் பார்த்து வாங்குகிற ஆசை இங்கேயும் இருக்கிறது. நான் அன்று வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு அக்கா கை வேலையை நிறுத்தவில்லை. திசையை மட்டும் சொன்னாள், "வடமேக்க". பனம்பழம் விழுந்தால் அம்மாச்சி சொல்லுவாளே, அதே குரல்.

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் சாத்தூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அக்கா மகள் சீசனுக்கு அங்கே பில் போடுகிறாள், கூட்டம் இல்லாத நேரத்தில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்குகிறாள். அவளுக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். வெளியே தூற்றல். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று உள்ளே இருந்தது. பையனுக்கு ஏழு வயது இருக்கும். கூடை அவன் முழங்கால் உயரம். பாம்பு மாத்திரை டப்பா ஒன்றையும் குருவி வெடிப் பாக்கெட் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை உள்ளே போடுவதும் எடுப்பதுமாக நின்றான். அவனுக்கு எத்தனை ரூபாய்க்குள் என்று வரம்பு சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. டப்பாவைத் திருப்பி, மூடியிலிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"சீக்கிரம் எடுடா, மழை புடிச்சிரும்" என்றார் அப்பா.

"பிள்ளை மெதுவா எடுக்கட்டும்ணே" என்றாள் அக்கா மகள். சொல்லும்போது நிமிரக்கூட இல்லை. மடியில் அட்டைப் பெட்டி, இடது கையில் சாட்டை, வலது கையில் பென்சில், கண் அதற்கடுத்த ரகத்தில். சோற்று டப்பா திறக்காமல் பக்கத்தில் இருந்தது. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு.